கோயிலுக்குப் போய்வந்த கவிஞர் கை

எங்கள் டவுன் பூங்காவில் ஒரு கவிஞரின் சிலை நிற்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டு, இடது கையால் ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையில் பேனா பிடித்திருப்பார். வருசத்துக்கு ஒருமுறை பெரியவர்கள் வந்து மாலை போட்டு, அவருடைய பாட்டுகளைச் சிங்களத்தில் பாடிவிட்டுப் போவார்கள். அந்த வலது கை, சிலையோடு சேருவதற்கு முன்னால் மூன்று நாள் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மஞ்சள் பூசிக்கொண்டு இருந்தது என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் நாலைந்து பேர்தான்.

எங்கள் தோட்டம் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால் நாங்கள் வேலை செய்த தோட்டம். தோட்டத்து ஆட்கள் எல்லாருமே இப்படித்தான் ஏதோ காணிக்கு உறுதிப்பத்திரம் எழுதி வாங்கியவர்கள் போலச் சொல்லுவோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த வருசங்கள் அவை. அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அம்மா பால்வெட்டுக்காரி. விடிந்தும் விடியாமலும் மலைக்குப் போய் மரம் மரமாகப் பட்டையைச் சீவிச் சிரட்டை வைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் பாலைச் சேர்த்துக்கொண்டு போய் ஸ்டோரில் ஊற்றிவிட்டு வருவாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். மாமாவுக்கு மலைவேலை என்றாலே உடம்பு வலிக்கும். ஆனால் வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. டவுனில் சிலை செய்கிற ஒரு சிங்களவரின் பட்டறையில் சீமெந்து குழைக்கிற வேலை அவருக்கு. அந்தச் சிற்பியை மாமா, ஐயா என்கிற மாதிரி, மஹத்தயா என்பார். நாங்களும் அப்படியே சொன்னோம். பூங்காவில் வைப்பதற்குக் கவிஞர் சிலை செய்கிற வேலை அந்தப் பட்டறைக்கு வந்தபோது, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீடுகளில் மாமாவின் கால் தரையில் படவில்லை. சிலையை மஹத்தயா செய்கிறாரா மாமா செய்கிறாரா என்று கேட்பவர்களுக்குச் சந்தேகம் வரும்படி பேசினார்.

“பாட்டுக் கட்டினதுக்கா செல வைக்கிறாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“ஆமாக்கா. பெரிய கவிஞரு. இந்த டவுன்லயே பொறந்தவரு.”

“நம்ம லயத்துல பாட்டுக் கட்டாத பொம்பள யாருடா இருக்கா? அப்ப எல்லாருக்கும் செல வைக்கச் சொல்லு” என்றாள் அம்மா.

அந்த வருசம் அம்மாவின் வலது கைக்கு ஆபத்து வந்தது. மழை விட்டிருந்த ஒரு காலையில் பால்வெட்டுக் கத்தி வழுக்கி ஆட்காட்டி விரலில் இறங்கிவிட்டது. இரண்டு நாளில் கை முழங்கை வரைக்கும் வீங்கிப் பளபளத்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்னார்கள். அந்த விரல் போனால் கத்தி பிடிக்க முடியாது. கத்தி பிடிக்க முடியாவிட்டால் தோட்டத்து வேலைக்குப் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் அந்த லயத்தில் நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவும் இல்லை. அம்மா கட்டிலில் கிடந்தபோது மாமா கோயிலுக்கு ஓடிப்போய், அக்காவின் கை நல்லபடியாகிவிட்டால் ஒரு கை செய்து கொண்டுவந்து வைப்பதாக மாரியாத்தாவிடம் நேர்ந்துகொண்டார்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். கால் சுகமானால் கால், கண் சுகமானால் கண், மரத்திலோ மண்ணிலோ செய்து கோயில் மரத்தடியில் வைப்பார்கள். வசதியுள்ளவர்கள் வெள்ளித் தகட்டில் வாங்கிப் போடுவார்கள். ஒரு மாதம் ஊசிமேல் ஊசியாகப் போட்ட பிறகு அம்மாவின் கைவீக்கம் வற்றியது. விரலும் தப்பியது. ஊசி போட்ட டொக்டருக்கு எங்கள் வீட்டில் யாரும் நன்றி சொன்னதாக ஞாபகமில்லை. எல்லாம் மாரியாத்தாவுக்கே போய்ச் சேர்ந்தது.

ஆனால் மாமா நேர்ந்த கை வந்து சேரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே போனார். ஆத்தாவுக்குக் கொடுக்க வேண்டியதை வைத்துக்கொண்டிருந்தால் கொடுத்ததை அவள் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று அம்மா தினமும் அவரைப் பிடித்து உலுக்கினாள்.

மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டறையில் கவிஞரின் வலது கையை மஹத்தயா தனியாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று கூட அவருக்குத் திருப்தியாக வரவில்லை. சரியில்லை, சரியில்லை என்று மூன்று கைகளைப் பின்பக்கத்துக் குப்பையில் எறிந்துவிட்டார். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டுமா என்று மாமா கேட்டார். மஹத்தயா வாயிலிருந்த சிகரெட்டை எடுக்காமலே தலையாட்டினார். அதுவரைக்கும் மாமா செய்ததில் ஒரு பிழையும் இல்லை.

குப்பையில் கிடந்த மூன்று கைகளிலும் விரல்கள் உடைந்திருந்தன. ஒன்றில் ஆட்காட்டி விரலே இல்லை. விரல் தப்பியதற்காக வைக்கிற கையில் விரல் இல்லாவிட்டால் ஆத்தா என்ன நினைப்பாள்? அக்காவின் விரலை எடுத்துக்கொள்ளச் சொல்வது போலல்லவா ஆகிவிடும்? மாமா சுற்றிலும் தேடினார். பட்டறையின் பின்சுவரோரம் ஈரச் சாக்குக்கு அடியில் நாலாவது கை ஒன்று, ஐந்து விரலும் முழுசாகக் கிடந்தது. பின்பக்கம் கிடப்பதெல்லாம் வேண்டாதது என்று மாமா எடுத்துக்கொண்டார். சீமெந்து இறுகுவதற்காகத்தான் ஈரச் சாக்கு போட்டு வைப்பார்கள் என்று தினமும் சீமெந்து குழைக்கிறவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் இருக்கும். அந்த நேரத்துக்கு அது ஞாபகம் வர வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

மாமா கொண்டுவந்த கையைப் பார்த்து லயமே வாயைப் பிளந்தது. நகமும் நரம்பும் முட்டியின் சுருக்கமும் தத்ரூபமாக இருந்தன. மணிக்கட்டில் ஒரு முழக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. மண்ணில் நட்டு வைக்கவே அதை விட்டிருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். ஆட்காட்டி விரலை நீட்டி, கட்டைவிரலை அழுத்தி, எதையோ பிடித்திருப்பது போல இருந்தது கை.

“இது பால்வெட்டுக் கத்தி புடிச்ச கையில்ல!” என்றாள் பக்கத்துக் காம்பரா அத்தை.

“பின்ன? அக்காவுக்காக நாந்தான் சொல்லிச் செய்ய வச்சேன்” என்று மாமா கூசாமல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பூசாரி அந்தக் கைக்கு மஞ்சள் அப்பி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி, மரத்தடியில் நட்டார். அதைச் சுற்றியிருந்த மரக்கையும் மண்காலும் அன்றைக்குப் பார்க்கப் பாவமாக இருந்தன. அம்மா தன் கையால் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் ஒற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பகல் இரண்டு மணி இருக்கும். வேலைக்குப் போன மாமா பாதி நாளில் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

கொழும்புக்குப் போயிருந்த மஹத்தயா அன்று காலை வந்து ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். கை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அமைச்சர் வந்து சிலையைத் திறக்கப் போகிறார். புதுக் கை செய்து இறுக நாள் போதாது. சிலை வைக்கிற சங்கத்துக்காரர்கள் பதறிப்போய்ப் பொலிசில் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் வந்து பட்டறையில் வேலை செய்கிறவர்களின் பெயர்களை எழுதினார்கள். நாலு பெயரில் ஒன்றுதான் தமிழ்ப் பெயர். அந்தப் பெயருக்குக் கீழே மட்டும் ஒரு கோடு போட்டுவிட்டு, நாளைக் காலை அடையாள அட்டையோடு ஸ்டேசனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“நேரா மஹத்தயாகிட்டச் சொல்ல வேண்டியதுதானேடா?” என்றாள் அம்மா.

“கை எங்கன்னு கேப்பாரே. கோயில்ல நட்டு வச்சிருக்கேன்னு எப்பிடிக்கா சொல்றது?”

அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் விசாரணை என்று ஸ்டேசன் வாசலை மிதித்தால் எப்போது வெளியே வருவான் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவன் எதற்கென்றே தெரியாமல் உள்ளே போய் ஏழு மாதம் கழித்து வந்திருந்தான். அதனால் விடிவதற்குள் கை பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இது எனக்கே விளங்கியது. ஆனால் சாமிக்குக் கொடுத்ததை எப்படித் திரும்ப எடுப்பது? எடுத்தால் ஆத்தா அம்மாவின் கையை எடுத்துக்கொள்வாளே. அதுவும் எனக்கு விளங்கியது. மாமாவா, அம்மாவின் கையா? எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா அழவில்லை. மாமாவைத் திட்டவும் இல்லை. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்து, நேரே கோயிலுக்கு நடந்தாள். மாமா பின்னால் வந்தார்.

பூசாரி கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “குடுத்தத எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல தாயி. ஆத்தாளத்தான் கேக்கணும். பூக் கட்டிப் பாப்போம்” என்றார்.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒன்று போல வாழையிலையில் மடித்து நாரால் கட்டி ஆத்தாவின் காலடியில் போடுவார்கள். ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். பூசாரி கற்பூரம் ஏற்ற உள்ளே போக, அம்மா கோயில் பின்பக்கம் போய் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பறித்துத் தானே கட்டிக்கொண்டு வந்தாள். கட்டும்போது அவள் உதடு அசைவது மட்டும் எனக்குத் தெரிந்தது.

எடுக்க வேண்டியது நான்தான். இரண்டு பொட்டலமும் அச்சாக ஒன்று போலவே கிடந்தன. இடது பக்கம் கையை நீட்டிவிட்டு, பயந்து வலது பக்கம் கிடந்ததை எடுத்தேன். பூசாரி வாங்கி நாரை அவிழ்த்தார். வெள்ளை.

மாமா தடாலென்று தரையில் விழுந்து கும்பிட்டார். பூசாரி அந்தப் பூவை என் தலையில் செருகி, “கைராசிக்காரி” என்றார். ஆத்தாவே என் விரலைப் பிடித்து அந்தப் பக்கம் நகர்த்தியதாக நான் நினைத்தேன்.

கையைப் பிடுங்கி, மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியடிக்குக் கொண்டுபோய் அம்மா தேங்காய்த் தும்பு வைத்துத் தேய்த்தாள். குங்குமம் போனது. மஞ்சள் முழுசாகப் போகவில்லை. பழைய சேலையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு நாலு மணி பஸ் பிடித்தோம்.

டவுன் எல்லையில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்துப் பைகளைத் திறந்து பார்ப்பது வழக்கம். இதை நாங்கள் மூன்று பேருமே யோசித்திருக்கவில்லை. மீசை கூட அரும்பாத ஒரு ஆமிக்காரப் பையன் எங்கள் பைக்குள் கையை விட்டுச் சேலையை விலக்கினான். உள்ளே மஞ்சள் பூத்த ஐந்து விரல்கள். “அம்மே!” என்று அலறிக்கொண்டு பின்னால் குதித்தான். துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின.

“அதக் மஹத்தயா. சீமெந்தி அதக்” என்றாள் அம்மா. கை, சீமெந்துக் கை என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே அதை எடுத்துப் பஸ் கம்பியில் தட்டிக் காட்டினாள். டங் டங்கென்று சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பையனோடு நின்ற பெரிய ஆமிக்காரர் சிரித்தார் பாருங்கள், பஸ் முழுக்கச் சிரித்தது. அலறியவனும் வெட்கத்தோடு சிரித்தான். மாமாவின் சட்டை மட்டும் முதுகோடு நனைந்து ஒட்டிப்போயிருந்தது.

பட்டறையில் கவிஞர் வலது கை இல்லாமல் நின்றார். மஹத்தயா ஒரு பெட்டியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா கையை மேசையில் வைத்தாள். அவர் துள்ளி எழுந்து அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை என்று தெரிந்த பிறகுதான் கத்த ஆரம்பித்தார். மாமா தலை குனிந்து நின்றார். கத்தி முடிந்ததும், இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மாமா முதல்தடவையாக ஒரு வார்த்தையும் கூட்டாமல் நடந்ததைச் சொன்னார்.

மஹத்தயா கையை மெதுவாக மேசையில் வைத்தார். பிறகு அம்மாவின் விரலைக் காட்டச் சொன்னார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு காட்டினாள். தழும்பைப் பார்த்தார். மேசையில் கிடந்த கையைப் பார்த்தார். டெலிபோனை எடுத்துப் பொலிசுக்குப் பேசினார். கை பட்டறையிலேயே இருந்ததாகவும், சாக்குக்கு அடியில் தான் சரியாகப் பார்க்கவில்லை என்றும், பையனை அனுப்பத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டு வைத்தார். மாமா அப்படியே வாசலில் குந்திக்கொண்டு சின்னப் பிள்ளை போல விம்மி அழுதார். எனக்கு அதுவரைக்கும் ஆம்பிளைகள் அழுவார்கள் என்று தெரியாது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அது மத்தியானம் வந்த அழுகை இல்லை. திரும்பும் பஸ்ஸில் அம்மா மடியில் விழுந்து தூங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்களும் பூங்காவுக்குப் போனோம். அமைச்சர் கயிற்றை இழுத்தார். வெள்ளைத் துணி சரிந்து வந்து, சரியாகப் பேனா பிடித்த கையில் மாட்டிக்கொண்டது. அவர் இன்னும் பலமாக இழுத்தார். “ஐயோ, கை!” என்று அம்மா வாய்விட்டுக் கத்திவிட்டாள். துணி கிழிந்து விழுந்தது. கை அசையவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற சிங்களப் பெண்பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். வெண்கல நிறச் சாயத்துக்கு அடியில் மாரியாத்தாவின் மஞ்சள் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆத்தாவையும் நாங்கள் ஏமாற்றவில்லை. குப்பையில் கிடந்த ஒரு கைக்கு மஹத்தயாவே விரல் ஒட்டித் தேய்த்து மாமாவிடம் கொடுத்தனுப்பினார். அதுவும் கவிஞருக்காகச் செய்த கைதான். இன்றைக்கும் ஒன்று பூங்காவிலும் ஒன்று எங்கள் கோயில் மரத்தடியிலும் இருக்கின்றன. அம்மா அதே விரலால் கத்தி பிடித்து இன்னும் பல வருசம் பால் வெட்டினாள்.

அதற்குப் பிறகு தோட்டத்தில் எனக்கு ஏக மரியாதை. கல்யாணப் பேச்சு, வெளிநாட்டுப் பயணம், காணாமல் போன மாடு, எதற்கென்றாலும் பூ எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். வெள்ளை வந்த அளவுக்குச் சிவப்பும் வந்தது. என் கைராசி குறைந்துபோய்விட்டதென்று எனக்குக் கவலை. அம்மாவிடம் சொன்னால், “ஒரு நாளைக்குத் தேவப்பட்டுச்சு, குடுத்துச்சு. போதும் போ” என்பாள்.

அன்று பீலியடியில் நான் பார்த்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அம்மா குனிந்து அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நான் எடுக்காமல் விட்ட பொட்டலம் அவள் இடுப்பிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்து பிரிந்தது. வெள்ளை நந்தியாவட்டை ஒன்று மிதந்து போனது. என்ன அது என்று கேட்டேன். “ஒன் தலப் பூ விழுந்துருச்சு” என்றாள் அம்மா. தலையைத் தொட்டுப் பார்த்தேன். என் பூ தலையிலேயே இருந்தது. சரி, வேறு ஏதோ பூ என்று விட்டுவிட்டேன்.

அம்மா ஆத்தாவிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் உறைத்தது. கோபித்துக்கொண்டு ஆத்தா கையை எடுத்தாலும் எடுத்துக்கொள்ளட்டும், தம்பி தப்பட்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் அவள் அந்த இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைத்துக் கட்டியிருக்கிறாள். புதுக் கை வைத்த பிறகும் பல மாதம், மலைக்குப் புறப்படுவதற்கு முன்னால் விளக்கடியில் உட்கார்ந்து, வலது கையை விரித்து மடக்கிப் பார்ப்பாள். விரலை ஒவ்வொன்றாக அழுத்துவாள். கை சுகமான சந்தோசத்தில்தான் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்து, நானும் தூக்கக் கலக்கத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து என் கையை விரித்து மடக்கி விளையாடுவேன்.